சர்க்கரைப் பொட்டலத்தில் ஓர் ஆஃப்சைடு: இத்தாலியில் எட்டு நாள்

நாள் 1, தூரின். மே 16, 2025, வெள்ளி

கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடியதும் கிளம்பிவிட்டேன். வட சென்னையில் உடற்கல்வி ஆசிரியர் வேலை. இருபது வருடமாகப் பள்ளி ஆட்டங்களிலும் மாவட்ட ஆட்டங்களிலும் விசில் ஊதுகிறேன். கால்பந்து பார்க்க இத்தாலி போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆட்டத்தைவிட, ரெஃப்ரி கொடுத்த தீர்ப்புகளைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்கத்தான் போகிறேன் என்றபோதுதான், "அதுக்கா இவ்வளவு செலவு?" என்றார்கள்.

அதற்குத்தான். இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ பருவத்தில் இன்னும் இரண்டே ஆட்டம் பாக்கி. நாப்போலி 78 புள்ளி, இன்டர் 77. ஒரே ஒரு விசில் சாம்பியன் பட்டத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். இத்தாலியர்கள் பேசுவதைக் கேட்க இதைவிட நல்ல வாரம் அமையாது.

நான் அறை எடுத்திருந்த வீட்டுக்காரர் ஃபியட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யுவென்டஸ் ரசிகர். அவருடைய மகளுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் பேச்சுக்குக் குறையில்லை. நான் வந்த காரணத்தைக் கேட்டதும் பெட்டியைக்கூடப் பிரிக்கவிடாமல் தெருமுனை காபிக் கடைக்கு அழைத்துப்போனார். மேசையிலிருந்த சர்க்கரைப் பொட்டலங்களில் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தார்.

"இது புருட்சோ. இது துரோனே. இது எங்க பிராந்தெல்லி."

1981 மே 10. இதே ஊரின் பழைய கொமுனாலே மைதானம். யுவென்டஸும் ரோமாவும் பட்டத்துக்காக மோதின. ஆட்டம் 0-0. யுவென்டஸின் ஃபுரீனோ ரெட் கார்டு வாங்கி வெளியே போயிருந்தார். ரோமாவின் புருட்சோ தலையால் தட்டிக் கொடுத்த பந்தை துரோனே பாய்ந்து தலையால் முட்டிக் கோலாக்கினார். லைன்ஸ்மேனின் கொடி உயர்ந்தது. ரெஃப்ரி பாவ்லோ பெர்காமோ ஆஃப்சைடு என்றார், அதாவது பந்து தட்டிக் கொடுக்கப்பட்ட கணத்தில் துரோனே யுவென்டஸின் பிராந்தெல்லியைவிடக் கோலுக்குப் பக்கத்தில் நின்றார் என்று. அந்தப் பருவத்தில் யுவென்டஸ் ரோமாவைவிட இரண்டே புள்ளி கூடுதலாக எடுத்துச் சாம்பியன் ஆனது.

வீட்டுக்காரர் துரோனே பொட்டலத்தை ஆள்காட்டி விரலால் மெல்லத் தள்ளி, பிராந்தெல்லி பொட்டலத்துக்கு ஒரு விரல் அகலம் முன்னால் நிறுத்தினார். "ஆஃப்சைடு. நாற்பத்து நாலு வருஷமா ஆஃப்சைடு." மகள் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

மாலையில் ஊரின் வடக்குப் பக்கம் இருக்கும் அலியான்ஸ் மைதானத்தைப் போய்ப் பார்த்தேன். 2011-இல் திறந்தது. முன்பு அங்கே தெல்லே ஆல்பி மைதானம் இருந்தது. 1998 ஏப்ரல் 26 அன்று நடந்தது அந்த மண்ணில்தான். யுவென்டஸ் ஒரு புள்ளி முன்னால், இன்டர் பின்னால். யுவென்டஸ் 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது பாக்ஸுக்குள் இன்டரின் பிரேசில்காரர் ரொனால்டோ பந்தைத் தட்டிவிட்டு ஓட, யுவென்டஸின் யூலியானோ குறுக்கே வந்து மோதினார். ரெஃப்ரி செக்கரீனி விசில் ஊதவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. அரை நிமிடம் போயிருக்காது, மறுமுனையில் யுவென்டஸுக்குப் பெனால்டி! தெல் பியேரோ அடித்ததை இன்டர் கோல் கீப்பர் பாலியூகா தடுத்துவிட்டார் என்பது வேறு விஷயம். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது, பட்டமும் யுவென்டஸுக்கே போனது.

அப்போது இன்டரின் கோச் ஜிஜி சிமோனி. குரல் உயர்த்தாதவர் என்று பெயரெடுத்தவர். அன்று மைதானத்துக்குள்ளேயே ஓடி செக்கரீனியைப் பார்த்து, "சி வெர்கோன்யி!" என்று கத்தினார். 'வெட்கப்படுங்கள்' என்று பொருள். இத்தாலிய மொழியிலும் நம்மைப் போல நீ, நீங்கள் என்ற வித்தியாசம் உண்டு. ஒரு பருவத்து உழைப்பு முழுவதும் கண்ணெதிரே போகும்போதுகூட அந்த மனிதர் வாயில் 'நீங்கள்'தான் வந்தது. அவருக்குக் கிடைத்தது வெளியேற்றம். மைதானங்களில் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன். அந்த மரியாதைச் சொல்லை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இரவு வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ரெண்டு பேர் மோதினாங்க. கூடைப்பந்தா இருந்தா ஃபௌல் பண்ணது ரொனால்டோன்னுதான் சொல்வாங்க" என்றார். பல வருடம் கழித்து செக்கரீனியும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார், ரொனால்டோவுக்கு எதிராகத்தான் ஃபௌல் கொடுத்திருக்க வேண்டும் என்று. நான் அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் கணக்கில் அது பெனால்டி. அவர் வீட்டில் உட்கார்ந்து அவர் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே அதைச் சொன்னேன். இன்னும் ஒரு கரண்டி ரிசோத்தோ போட்டுவிட்டு, "நீங்க இன்டர் ரசிகரா?" என்றார்.


நாள் 2, மிலான். மே 17, சனி

தூரினிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். நிலையத்திலேயே இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகும் கஜெத்தா தெல்லோ ஸ்போர்ட் வாங்கினேன். இங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீரர்களுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். ரெஃப்ரிக்கும் உண்டு. ஐந்து, ஐந்தரை, ஆறு. நான் மார்க் போட்டே பழகியவன். என் விசிலுக்கு ஊரே மார்க் போட்டால் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதுதான் உறைத்தது.

மூவியோலா என்பது சினிமா எடிட்டிங் மேசையின் பெயர். பந்தைப் பிரேம் பிரேமாக ஓட்டிப் பார்க்கும் டிவி வழக்கத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தொடக்கம் இந்த ஊரின் இரண்டு அணிகளும் மோதும் டெர்பியில். 1967 அக்டோபரில் மிலான்–இன்டர் ஆட்டம். ரிவேரா அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது, ரெஃப்ரி கோல் என்றார். அன்று இரவு அரசு டிவியின் ஞாயிறு விளையாட்டு நிகழ்ச்சியில் கார்லோ சாஸ்ஸி படச்சுருளை மெல்ல ஓட்டிக்காட்டினார். பந்து கோட்டைத் தாண்டவே இல்லை. ரெஃப்ரியின் கண் தப்பு செய்யும் என்பதை ஒரு தேசம் முழுவதும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

இதற்கு ஒரு நல்ல முகமும் இருந்தது. சிராகூசா ஊர்க்காரரான கொன்செத்தோ லோ பெல்லோ அந்தக் காலத்தின் பெரிய ரெஃப்ரி. 1972-இல் யுவென்டஸுக்கு எதிராக மிலானுக்குத் தராமல் விட்ட ஒரு பெனால்டியை அதே டிவியில் ஓட்டிக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, தன் தவறுதான் என்று சொன்னார். அதற்குப் பிறகு அவர் பெயர் குறையவில்லை.

அப்புறம் 1980-இல் ஆல்தோ பிஸ்கார்தி வந்தார். திங்கள் இரவு டிவியில் 'விசாரணை' என்றே பெயர் வைத்து ஆட்டங்களைக் கூண்டில் ஏற்றினார். மூவியோலாவை மைதானத்துக்கே கொண்டுவாருங்கள் என்று பல வருடம் கத்திக்கொண்டே இருந்தார். 2017 ஆகஸ்ட் 19 அன்று சீரி ஆவில் வீடியோ உதவி நடுவர் முறை, இவர்கள் வாயில் 'வார்', வந்தது. அக்டோபர் 8-இல் பிஸ்கார்தி இறந்தார். ஏழு வாரம்தான் அதைப் பார்த்தார்.

வாருக்கு முன்னால் கோல்கோடு தொழில்நுட்பம் வந்தது, 2015-இல். அதற்குப் பின்னால் முந்தாரி இருக்கிறார். 2012 பிப்ரவரி 25, மிலான்–யுவென்டஸ். மிலானின் முந்தாரியின் தலையில் பட்ட பந்து கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே போன பிறகுதான் யுவென்டஸ் கோல் கீப்பர் பூஃப்போன் அதை வெளியே தள்ளினார். கோல் கொடுக்கப்படவில்லை. தான் அதைக் கவனித்திருந்தாலும் ரெஃப்ரிக்கு உதவியிருக்க மாட்டேன் என்று பூஃப்போன் பிறகு சொன்னார். நேர்மையான பேச்சு என்று சிலர் கொண்டாடினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கும்.


நாள் 3, மிலான். மே 18, ஞாயிறு

இதை எழுதும்போது இரவு இரண்டு மணி. கை இன்னும் நடுங்குகிறது.

இன்டர்–லாட்சியோ ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. லோத்தோ மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாரில் உட்கார்ந்தேன். பெரிய டிவியில் இன்டரின் சான் சீரோ மைதானம். கல்லாவுக்குப் பின்னால் பார்க்காரம்மாவின் செல்போனில் பார்மா–நாப்போலி. இரண்டும் ஒரே நேரத்தில், இரவு 8:45-க்குத் தொடங்கின. பாரில் பாதிப்பேர் டிவியைப் பார்த்தார்கள், மீதிப்பேர் பார்க்காரம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

முதல் பாதி முடியும் நேரத்தில் பிஸ்ஸெக் கோல் போட்டார். பார்மாவில் 0-0. இன்டர் மேலே போய்விட்டது! முன்பின் தெரியாத ஒருவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இரண்டாம் பாதியில் லாட்சியோவின் பெத்ரோ சமன் செய்தார். தும்ஃப்ரீஸ் மறுபடி போட்டார், 2-1. கடிகாரம் 90-ஐ நெருங்கும்போது இன்டர் பாக்ஸுக்குள் ஒரு பந்து பிஸ்ஸெக்கின் கையில் பட்டது. ஆட்ட வேகத்தில் எனக்குத் தெரியவில்லை. பாரில் யாரும் கவனிக்கவில்லை. ரெஃப்ரி கிஃப்பி காதில் விரலை வைத்தார்.

அந்தச் சைகையை இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பார் அடங்கிப்போனது. காபி மெஷினின் சீறல் மட்டும் கேட்டது, பார்க்காரம்மா அதையும் அணைத்தார். கிஃப்பி ஓரத் திரைக்கு ஓடினார், பார்த்தார், திரும்பி வந்து புள்ளியைக் காட்டினார். பெனால்டி. பெத்ரோ அடித்தார். 2-2.

நான் என் மனசாட்சிப்படி சொல்கிறேன். திரையில் காட்டிய பிறகு அதைக் கொடுக்காமல் இருக்க முடியாது. நானும் கொடுத்திருப்பேன். ஆனால் என் பக்கத்திலிருந்த பல் டாக்டர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏப்ரல் 27 அன்று ரோமாவுக்கு எதிரான ஆட்டத்தில் இதே பிஸ்ஸெக்கைப் பாக்ஸுக்குள் பிடித்து இழுத்தார்கள், பெனால்டி தரவில்லை, இன்டர் 0-1 என்று தோற்றது. இந்தப் பருவத்தில் ரெஃப்ரிகளை நியமிக்கும் ஜான்லூக்கா ரோக்கியே பிறகு டிவியில், வார் அறைப் பேச்சைப் போட்டுக்காட்டும் நிகழ்ச்சியில், அது பெனால்டிதான் என்று ஒப்புக்கொண்டார். "ஒப்புக்கொண்டது நல்லது. அந்தப் புள்ளியை எந்தக் கடையில் போய் வாங்குவது?" என்று கேட்டார் டாக்டர்.

அதற்குள் கல்லாப் பக்கம் ஒரு கூச்சல். பார்மாவில் கூடுதல் நேரத்தில் நாப்போலிக்குப் பெனால்டி கொடுத்துவிட்டார்கள்! பட்டம் அங்கேயே முடிந்தது என்று எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். இரண்டு நிமிடம் கழித்து வார் அதை ரத்து செய்தது. அதே ஓட்டத்தில் முன்னால் நாப்போலி வீரர் ஒரு ஃபௌல் செய்திருந்தாராம். ஒரே ராத்திரியில், ஒரே அறையில், சற்று முன் வாரைச் சபித்த அதே வாய்கள் அதை வாழ்த்தின. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் அப்பா கிரிக்கெட் பார்க்கும்போது இப்படித்தான்.

ஆட்டங்கள் முடிவதற்குள் நான்கு கோச்சுகளும் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். சான் சீரோவில் இன்ட்சாகி, பரோனி. பார்மாவில் கொன்தே, கிவு. பட்டத்தைத் தீர்மானிக்கும் இரண்டு ஆட்டங்களிலும் ஓரக்கோட்டில் ஒரு தலைமைக் கோச்சுகூட மிஞ்சவில்லை. நாப்போலி 79, இன்டர் 78. இன்னும் ஒரு ஆட்டம்.

டாக்டர் எழுந்து போகும்போது இரண்டு மணிக்கட்டையும் குறுக்காக வைத்துக் காட்டினார். 2010 பிப்ரவரி 20-இல் அப்போதைய இன்டர் கோச் மொரின்யோ காட்டிய விலங்குச் சைகை. சாம்ப்தோரியாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே இன்டரின் சாமுவேல், கோர்தோபா இருவருக்கும் ரெட் கார்டு. மொரின்யோ கேமராவைப் பார்த்துக் கைவிலங்கு போட்டதுபோல் காட்டினார். மூன்று ஆட்டத் தடை, 40,000 யூரோ அபராதம். ஒன்பது பேர் நின்று 0-0 என்று காப்பாற்றிய அந்த அணி அந்த வருடம் மூன்று கோப்பையும் வென்றது. பதினைந்து வருடம் கழித்து ஒரு பல் டாக்டர் மெட்ரோ படியில் இறங்கும்போது இன்னும் அந்தச் சைகையைச் செய்கிறார். கோச்சின் முறையீடு ரெஃப்ரியை மாற்றுவதில்லை. அது சொந்த ஆட்களை ஒரே முடிச்சில் கட்டுகிறது. புரிகிறது, ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த முடிச்சின் நுனி எப்போதும் ஒரு ரெஃப்ரியின் கழுத்தில்தான் இருக்கிறது.

எதிரணிக் கோச் இப்படிப் புலம்பினால் இந்த ஊரில் 'பியாஞ்சீனா' என்பார்கள். அழுமூஞ்சி. சொந்தக் கோச் புலம்பினால் அதற்குப் பெயர் நியாயம் கேட்பது.


நாள் 4, லிஸ்ஸோனே. மே 19, திங்கள்

நேற்றைய தீர்ப்புகள் பார்க்கப்பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மிலானிலிருந்து புறநகர் ரயிலில் மொன்சா தாண்டி லிஸ்ஸோனே. மரச்சாமான்களுக்குப் பெயர்போன ஊர். 2021-இலிருந்து சீரி ஆ ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் வார் அறை இங்கேதான். ஆட்டம் நாப்போலியில் நடக்கட்டும், லெச்சேயில் நடக்கட்டும், திரைக்கு முன்னால் இருவர் இங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்துதான் போனேன். எதிரே நின்றேன், அவ்வளவுதான்.

அங்கே நின்றபோது என் ஞாபகத்துக்கு வந்ததை எழுதிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு முன், பள்ளிகளுக்கிடையிலான ஓர் இறுதி ஆட்டம். பந்து வலைக்குள் கிடந்தது, கோல் கொடுத்தேன், நடுக்கோட்டில் ஆட்டத்தைத் தொடங்கியும் வைத்துவிட்டேன். அடுத்து பந்து வெளியே போனபோது கோல் கீப்பர் பையன் என்னிடம் ஓடி வந்தான். எட்டாவதோ ஒன்பதாவதோ படித்திருப்பான். கையுறை கிடையாது, வெறுங்கை. "சார், சைடுல வலை கிழிஞ்சிருக்கு சார். பந்து அது வழியா வந்துச்சு சார்." போய்ப் பார்த்தேன். ஒரு பந்து தாராளமாக நுழையும் அளவுக்குக் கிழிசல், ஓரத்தில் மண் ஒட்டியிருந்தது. ஆட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டால் தீர்ப்பை மாற்ற விதியில் இடமில்லை. அவர்கள் அந்த ஒரு கோலில் தோற்றார்கள். ஆட்டத்துக்கு முன் வலையைச் சரிபார்ப்பது ரெஃப்ரியின் வேலை. என் வேலை. இப்போதும் தெருவில் பார்த்தால் அவன் வணக்கம் வைக்கிறான். வலையைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.

எனக்கு லிஸ்ஸோனே இருந்திருந்தால் என்று நினைத்தேன். ஆனால் நேற்று இரவு லிஸ்ஸோனே இருந்தும் சண்டை ஓயவில்லையே. வார் எல்லாவற்றிலும் தலையிடாது. கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறாட்டம், இந்தப் பருவத்து விதிப்படி இவைதான். அதிலும் 'தெளிவான, வெளிப்படையான தவறு' என்றால் மட்டும். எது தெளிவு? முன்பு ரெஃப்ரி பார்த்தாரா இல்லையா என்று சண்டை. இப்போது பார்த்துவிட்டு ஏன் கூப்பிட்டார், ஏன் கூப்பிடவில்லை என்று சண்டை. பார்க்கவில்லை என்பதை மன்னிக்கலாம். பார்த்தும் கூப்பிடவில்லை என்பதை யாரும் மன்னிப்பதில்லை.


நாள் 6, பிரென்சே (ஃபிளாரன்ஸ்). மே 21, புதன்

நேற்று முழுவதும் ரயிலும் மழையும். எழுத ஒன்றுமில்லை.

பிரென்சேயின் கிழக்கே கொவர்ச்சானோ. இத்தாலியத் தேசிய அணியின் பயிற்சி வளாகம் இங்கேதான், கோச்சுகள் படித்துச் சான்றிதழ் வாங்குவதும் இங்கேதான். பக்கத்தில் ஒரு கால்பந்து அருங்காட்சியகம். நிதானமாகப் பார்த்தேன். வாசலில் ஓர் இளைஞனோடு பேச்சுக் கிடைத்தது. வாரயிறுதிகளில் கீழ்நிலை லீக்குகளில் விசில் ஊதுகிறவன், வயது பத்தொன்பது. நானும் ரெஃப்ரி என்றதும் அவன் முகம் மலர்ந்ததை மறக்க மாட்டேன். போன நவம்பரில் சீரி ஆ ரெஃப்ரிகள் கன்னத்தில் கறுப்புக் கோடு தீட்டிக்கொண்டு இறங்கினார்களே, அது இவனைப் போன்ற பையன்களுக்காக. சின்ன மைதானங்களில் இளம் ரெஃப்ரிகள் அடி வாங்குவதைக் கண்டித்து. "டிவியில் பெரிய கோச் கத்தினால், அடுத்த ஞாயிறு எங்க ஊர்ல ஒரு பையனோட அப்பா அதே வார்த்தையை என்கிட்ட கத்துவார்" என்றான். கோச்சுகளின் முறையீட்டைப் பற்றி எனக்கு இருந்த மனக்கசப்பை இந்தப் பையன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

பிரென்சேகாரர்களுக்கு 1982 மே 16. இந்த ஊர் அணியான ஃபியொரென்தீனாவும் யுவென்டஸும் கடைசி நாளில் சமப் புள்ளி. கால்யாரியில் ஃபியொரென்தீனாவின் கிராட்சியானி போட்ட கோல் செல்லாது என்றார்கள், 0-0. கத்தன்சாரோவில் யுவென்டஸுக்குப் பெனால்டி, அயர்லாந்துக்காரர் பிரேடி அடித்தார், 1-0. ஒரு புள்ளியில் போனது பட்டம். அன்றிலிருந்து இந்த ஊர் வாக்கியம் ஒன்று உண்டு: 'மெல்யோ செகோந்தி கே லாத்ரி'. திருடனாக இருப்பதைவிட இரண்டாமிடமே மேல். கடையில் தொங்கிய கழுத்துத் துண்டு ஒன்றில் அதைப் பார்த்தேன். வாங்கவில்லை. தூரின் வீட்டுக்காரரின் ரிசோத்தோ நினைவுக்கு வந்தது.


நாள் 7, ரோம். மே 22, வியாழன்

வண்டியில் ஏறியதும் ரேடியோ. ரோமில் காலையிலிருந்து இரவுவரை ரோமாவையும் லாட்சியோவையும் மட்டுமே பேசும் நிலையங்கள் இருக்கின்றன. எனக்குப் புரிந்த அளவில் அரை மணி நேரத்தில் 'ரிகோரே' என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, நாற்பதில் விட்டுவிட்டேன். ரிகோரே என்றால் பெனால்டி.

மொன்தெச்சித்தோரியோ சதுக்கத்தில் நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்த்தேன். 1998-இல் ரொனால்டோ மேல் நடந்த மோதல் இங்கே வரைக்கும் வந்தது. கிரமாட்சியோ என்ற உறுப்பினரும், முன்பு யுவென்டஸில் ஆடிவிட்டு உறுப்பினரான மாஸ்ஸிமோ மவ்ரோவும் அவைக்குள் மோதிக்கொள்ளப் போக, காவலர்கள் ஓடிவந்து விலக்கினார்கள்.

மதியம் தெஸ்தாச்சோவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. முதலாளிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். காபி வந்ததும் 1981 பற்றிக் கேட்டேன். பதில் பேசவில்லை. சர்க்கரைக் கிண்ணத்தை இழுத்தார். மூன்று பொட்டலம்.

"புருட்சோ. துரோனே. பிராந்தெல்லி."

அதே பெயர்கள், அதே வரிசை. என் உடம்பு சிலிர்த்தது. அவரும் ஆள்காட்டி விரலால் ஒன்றைத் தள்ளினார். ஆனால் பிராந்தெல்லியைத் தள்ளினார், கோல் பக்கமாக. இப்போது துரோனே ஒரு விரல் அகலம் பின்னால். "கோல்" என்றார். அன்று அவருக்கு ஒன்பது வயது. சமையலறை ரேடியோவைச் சுற்றி வீடே நின்றதாம். கோல் என்று அறிவிப்பாளர் கத்தியதும் அப்பா அவரைத் தோளில் தூக்கிவிட்டார். செல்லாது என்று தெரிந்த பிறகு இறக்கிவிட மறந்து, தோளில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாராம். ரோம் பேச்சில் இதை 'எர் கோ தே துரோனே' என்பார்கள், துரோனேயின் கோல். பொட்டலங்களை எடுத்து வைத்த பேரப் பையனுக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. பத்து வயது இருக்கும்.

அந்த வருடங்களில் ரோமா தலைவர் தீனோ வியோலா, 'சில சென்டிமீட்டர் விவகாரம்' என்று பேச, யுவென்டஸ் தலைவர் போனிப்பெர்த்தி அவருக்கு ஒரு அளவுகோல் அனுப்பிவைத்தார் என்ற கதையையும் சொன்னார். வியோலா எஞ்சினியர், போனிப்பெர்த்தி சர்வேயர். இது எஞ்சினியரைவிட சர்வேயருக்குத்தான் உதவும் என்று வியோலா திருப்பி அனுப்பிவிட்டாராம்.

2014 அக்டோபர் 5-ஐயும் விடவில்லை. தூரினில் யுவென்டஸ் 3, ரோமா 2. முதல் பெனால்டி யுவென்டஸுக்குக் கிடைத்ததும் ரோமா கோச் ரூதி கார்சியா கையில் வில் பிடித்து வயலின் வாசிப்பதுபோல் காட்டினார், வெளியேற்றப்பட்டார். அன்றைய ரெஃப்ரி யார் தெரியுமா? ரோக்கி. இந்தப் பருவத்தில் ரெஃப்ரிகளை நியமிக்கிறவர். முதலாளி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

இந்த மாதம் லாட்சியோகாரர்களுக்கு இருபத்தைந்தாம் ஆண்டு. 2000 மே 7-இல் யுவென்டஸுக்கு எதிராகப் பார்மாவின் கன்னவாரோ போட்ட கோலைச் செல்லாது என்றார்கள். லாட்சியோ ரசிகர்கள் கால்பந்துக்கே இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். அடுத்த ஞாயிறு பெரூஜியாவில் கொட்டிய மழையில் ரெஃப்ரி கொல்லீனா ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். கலோரி கோல் போட, யுவென்டஸ் தோற்று, பட்டம் லாட்சியோவுக்கு வந்தது. குளத்தில் ஆட வைத்தார்கள் என்று தூரினில் இன்னும் சொல்கிறார்கள்.

யுவென்டஸ் பெயர் ஏன் எல்லாக் கதையிலும் வருகிறது என்று கேட்பீர்கள். அதிகம் வென்ற அணி என்பது ஒரு காரணம். 2006 இன்னொன்று. அந்த அணியின் மேலாளர் லூச்சானோ மோஜி ரெஃப்ரிகளை நியமிப்பவர்களோடு பேசிய தொலைபேசி உரையாடல்கள் வெளியாகி, இரண்டு பட்டம் பறிபோய், யுவென்டஸ் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. அந்த வழக்கில் சிக்கிய நியமனப் பொறுப்பாளர்களில் ஒருவர் பாவ்லோ பெர்காமோ. 1981-இல் துரோனே கோலைச் செல்லாது என்ற அதே ரெஃப்ரி. கடை முதலாளி இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். 2006-இல் வெளிவந்தது 1981-க்குச் சாட்சி ஆகாது, அது எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய அப்பா அதைத் தெரிந்துகொள்ளும் முன்பே இறந்துவிட்டார் என்று அவர் சொன்னபோது, நான் அந்த வாதத்தை எடுக்கவில்லை.


நாள் 8, நாப்போலி (நேபிள்ஸ்). மே 23, வெள்ளி

ஸ்பானியக் குடியிருப்புச் சந்துகள் முழுக்க நீலக் கொடி. மரதோனா சுவரோவியத்துக்குப் போகும் வழியில் நடக்க இடமில்லை. ஒரு கிழவரின் காபிக் கடையில் மூலை நாற்காலி கிடைத்தது.

நாப்போலி கோச் கொன்தே இன்று ஓரக்கோட்டில் இல்லை. பார்மாவில் வாங்கிய ரெட் கார்டுக்குத் தடை. அவருக்குப் பதில் உதவிக் கோச் ஸ்தெல்லீனி. இதே கொன்தே போன நவம்பர் 10-இல் சான் சீரோவில் இன்டருக்குக் கொடுத்த பெனால்டியைப் பார்த்துப் பொங்கியிருந்தார். தவறு இருந்தால் வார் தலையிட வேண்டும், தலையிட முடியாது என்றால் என்ன அர்த்தம் என்பது அவர் கேள்வி. அந்தப் பெனால்டியை சல்ஹானோலு கம்பத்தில் அடித்துவிட, 1-1. அந்தக் கேள்வியை நான் ஆறு மாதமாக யோசிக்கிறேன். கத்திய விதம் எனக்கு உவப்பில்லை. கேள்வி நியாயமானது.

42-ஆவது நிமிடம் மக்தோமினே அந்தரத்தில் சாய்ந்து ஒரு உதை. கடை இடிந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டாம் பாதி தொடக்கத்தில் லுகாகு. கால்யாரி 0, நாப்போலி 2. கோமோவில் இன்டரும் 2-0 என்று வென்றது, ஆனால் போதவில்லை. 82, 81. நாப்போலிக்கு நான்காவது பட்டம். கிழவர் அழுதார். மேசைமேல் ஏறிய பையன்களை இறங்கச் சொல்லவே இல்லை.

பதினொன்றரை இருக்கும். வெளியே வெடியும் புகையும். கூட்டம் தெருவுக்குப் போய்விட, கடையில் நாங்கள் இருவர்தான். எனக்கு ஒரு காபி போட்டுக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தார். என் வேலை என்ன என்று கேட்டார். ரெஃப்ரி என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு கோப்பையை என்னிடமிருந்து மெல்ல எடுத்து மேசை நடுவில் வைத்தார். சர்க்கரைப் பொட்டலம் இரண்டை எடுத்தார்.

"பியானிச். ரஃபீன்யா."

2018 ஏப்ரல் 28, இன்டர்–யுவென்டஸ். அதற்கு ஆறு நாள் முன்புதான் நாப்போலி தூரினில் போய் 1-0 என்று வென்று வந்திருந்தது, யுவென்டஸைவிட ஒரே ஒரு புள்ளி பின்னால். ஏற்கெனவே மஞ்சள் அட்டை வாங்கியிருந்த யுவென்டஸின் பியானிச் ரஃபீன்யாவின் மேல் பாய்ந்தார். இரண்டாவது மஞ்சள் வரவில்லை. அப்போது இரண்டாவது மஞ்சள் வார் பார்க்கும் பட்டியலில் இல்லை. 2-1 என்று பின்தங்கியிருந்த யுவென்டஸ் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு 3-2 என்று வென்றது. ஓட்டல் அறைகளில் அதைப் பார்த்த நாப்போலி வீரர்கள் மறுநாள் பிரென்சேயில் 0-3 என்று தோற்றார்கள். 91 புள்ளி எடுத்தும் பட்டம் இல்லை.

"இந்தக் கோப்பை ஓர்சாத்தோ. ரெஃப்ரி" என்றார். கோப்பையை இரண்டு பொட்டலங்களுக்கு ஒரு சாண் தூரத்துக்கு இழுத்தார். "இங்கே நின்னார். இவ்வளவு பக்கத்துல." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இங்கேருந்து தெரியாதா?"

தெரியும் என்றேன்.

அவர் தலையாட்டினார். வாசலில் யாரோ வைத்த வெடியில் மேசை அதிர்ந்தது. கோப்பை நகர்ந்துவிடாமல் ஒரு விரலால் அதைப் பிடித்துக்கொண்டார்.